அக்கரையில் கிடந்த மெமரி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

இந்தத் தொழிலில் எனக்கு இருபத்தாறு வருட அனுபவம். அதில் வேலை செய்த காலம் எவ்வளவு, பதறிய காலம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஐம்பத்திரண்டாவது வயதில் டொக்டர் எனக்குப் பிரஷர் அளந்தார். கருவிதான் பிழை என்று நினைத்து மற்றக் கையிலும் அளந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். அடுத்த மாதமே நான் ஓய்வெடுத்துக்கொண்டேன். ஆகவே இதை எழுதுபவன் நிதானமான பெரிய மனிதன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

எழுதச் சொன்னவர் இப்போது உங்களுக்குப் பொறுப்பாக இருக்கும் சுகந்தி. "இரண்டு புரொசெசர் உள்ள மெஷின்ல மெமரி ஏன் பிந்துது எண்டு புதுப் பிள்ளைகளுக்கு விளங்கிற மாதிரி எழுதித் தாங்க நானா" என்றார். எங்கள் ஊரில் நானா என்றால் அண்ணன். படம் போட்டு அம்புக்குறி வைத்து இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார். "இது புத்தகத்திலயும் இருக்கு. அண்டைக்கு என்ன நடந்தது எண்டு எழுதுங்க. நீங்க கதிரையில இருந்து விழுந்ததையும் சேர்த்து."

சரி, சேர்க்கிறேன்.

அப்போது எங்கள் அலுவலகம் மதுரங்குளிச் சந்தியில், பெயின்ட் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. களப்போரமாக, உப்புநீர் ஏரிக்கரையில், இருக்கும் இறால் குளங்களுக்குக் காவல் இருப்பதுதான் எங்கள் தொழில். ஒவ்வொரு குளத்திலும் தண்ணீருக்குள் ஓர் உணரி. கரையில் ஒரு பெட்டி. தண்ணீரில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்று பெட்டி எங்களுக்குச் சொல்லும். குறையப்போகிறது என்று தெரிந்தால் எங்கள் சேவர், அதாவது அலுவலகத்து மெஷின், பெட்டிக்குக் கட்டளை அனுப்பும். பெட்டி ஏரேட்டரை ஓடவிடும். ஏரேட்டர் என்பது தண்ணீரைத் துடுப்புகளால் அடித்துக் காற்றைக் கலக்கும் இயந்திரம். அது ஓடவேண்டிய நேரத்தில் ஓடாவிட்டால் இறால் மூச்சுத் திணறி மேலே வரும். மேலே வந்த இறாலுக்கு அதிக நேரம் கிடையாது.

குறைந்த பிறகு ஓடவிடுவதில் பெரிய கெட்டித்தனம் இல்லை. குறையுமுன்பே கண்டுபிடிப்பதுதான் எங்கள் பெருமை. ஒவ்வொரு குளத்தின் பழைய நாட்களையும் மெமரியில் வைத்திருந்தோம். புது அளவு வந்ததும் நிரல் அந்தப் பழைய நாட்களுக்குள் புகுந்து, இதே மப்பு வானம், இதே சூடு, இதே காற்றில்லாமை முன்பு எங்கே வந்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று தேடும். முந்நூற்றுச் சொச்சம் குளங்கள். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்க்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. பழைய மெஷின் நான்கரை நிமிடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு முடிக்கும். இன்னும் குளங்கள் சேரவிருந்ததால் புது மெஷின் கேட்டேன். இரண்டு புரொசெசர் உள்ளது. முதலாளி ஹாஜியார் கேட்டார்.

"இரண்டு எண்டா இரண்டு மடங்கு வேகமா?"

"ஓம் ஹாஜியார். இரண்டு நிமிசத்தில முடிச்சிட்டுச் சும்மா இரிக்கும்."

இந்த வாக்கியத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு உறுதியாகச் சொன்ன எதுவும் சரியாக இருந்ததில்லை.

ஹாஜியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குச் சொந்தமாக நிறையக் குளங்கள் இருந்தன. எந்தக் குளமானாலும் முதல் வாளி இறால் குஞ்சை அவர்தான் பிஸ்மி சொல்லி விடுவார். வேறு யாரும் தொடக்கி வைக்கக்கூடாது. இறாலுக்குப் போடும் தீன் மூடையின் முதல் தையலையும் அவர்தான் பிரிப்பார். மழையோ காய்ச்சலோ, வந்து தொட்டுவிட்டுத்தான் போவார். அவர் பார்வை படாத இடத்தில் இறால் வளராது என்று வேலையாட்களும் நம்பினார்கள். நானும் சும்மா இருக்காமல், நிரலிலும் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தேன். நிரல் எழும்பியவுடன் ஒரே ஒரு திரெட், அதாவது நிரலுக்குள் வேலை செய்யும் ஓர் ஆள் மாதிரி, தனியாகக் கிளம்பி, முந்நூறு குளங்களுடைய மெமரியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, சுத்தம் செய்து, பழைய நாட்களை எழுதி வைக்கும். அது முடிந்த பிறகுதான் மற்றத் திரெட்டுகள் வேலைக்கு இறங்கும். அந்த முதல் திரெட்டுக்கு நான் வைத்த பெயர் 'ஹாஜியார்'. அவரைக் கூப்பிட்டுக் காட்டியபோது, "மாஷா அல்லாஹ், கம்பியூட்டருக்கும் அடக்கம் தெரியுது" என்று சந்தோஷப்பட்டார். பழைய மெஷினில் ஹாஜியார் திரெட் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. அப்படியே எடுத்துப் புது மெஷினிலும் வைத்தேன்.

முதல் இரண்டு நாள் நல்ல வெயில். வெயில் நாளில் பாசியே தண்ணீருக்கு ஒட்சிசன் கொடுக்கும். தேடவேண்டியதும் குறைவு. சுற்று நாலேமுக்கால் நிமிடத்தில் முடிந்தது. பழைய மெஷினைவிடக் கொஞ்சம் கூட. அதைக் கண்டேன். கண்டும் கவனிக்கவில்லை. புது மெஷின், பழகவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதுச் செருப்பா பழகுவதற்கு?

மூன்றாம் நாள் விடிந்தபோதே வானம் ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. ஒரு தூறல் போட்டுவிட்டு நின்றது. மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அன்று பார்த்து ஹாஜியார், சிலாபத்துப் பக்கமிருந்து இரண்டு பண்ணைக்காரர்களை அழைத்து வந்திருந்தார். அவர்களும் எங்களுடன் சேருவதாகக் கதை. பெரிய திரைக்கு முன்னால் கதிரை போட்டு, தேத்தண்ணியும் வட்டிலப்பமும் வைத்திருந்தோம். திரையில் முந்நூறு குளங்களும் பச்சைப் புள்ளிகளாக மின்னின.

பகல் பதினொன்றரைக்குப் போன் வந்தது. சுகந்தி. உடப்பு ஊர்க்காரர், அப்போது கள வேலையில் இருந்தார். கைமீட்டரும் கையுமாகக் குளம் குளமாகப் போய் எங்கள் உணரிகள் சரியாகச் சொல்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை.

"நானா, நஸீரா ராத்தாட குளத்துல நிக்கிறேன். மீட்டர்ல இரண்டு புள்ளி ஆறு. இறால் மேல வந்து வரம்போரமா நீந்துது. ஏரேட்டர் ஏன் ஓடல?"

நஸீரா ராத்தா கனமூலை ஊருக்கு அப்பால், களப்போரத்தில் ஒற்றைக் குளம் வைத்திருந்தவர். என்னைவிட வயது குறைந்தவர்தான். ஊரே ராத்தா, அதாவது அக்கா, என்று அழைப்பதால் நானும் அழைத்தேன். போன முறை வெள்ளைப் புள்ளி நோய் வந்து குளம் முழுவதும் போய்விட்டது. இது இரண்டாம் முயற்சி. இன்னும் ஒன்பது நாளில் அறுவடை. இந்த முறையும் போனால் குளத்தைத் தூர்த்துவிட்டுச் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். கடவுச்சீட்டும் எடுத்து வைத்துவிட்டார். எங்கள் பெட்டியைத் தன் குளத்தில் பொருத்த மாட்டேன் என்றவரை நான்தான் மூன்று தரம் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

திரையைப் பார்த்தேன். அவர் குளம் பச்சை. ஐந்து புள்ளி இரண்டு.

"இஞ்ச அஞ்சு புள்ளி இரண்டு காட்டுது தங்கச்சி. மீட்டர்ட பெட்டரிய மாத்திப் பாருங்க."

"காலையிலதான் மாத்தினேன்."

"அப்ப தண்ணிக்குள்ள சரியாப் பிடிங்க."

"சரி நானா. இறாலுக்கும் பெட்டரி மாத்தவா?"

இந்த இடத்தில் ஒரு நல்ல பொறியியலாளன் என்ன செய்வான்? தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்பவர் சொல்வதை நம்புவான். நான் திரையை நம்பினேன். திரை நான் செய்தது அல்லவா.

பிறகு ஏதோ ஓர் ஐயத்தில் உள்ளே போய்ப் பார்த்தேன். ஐந்து புள்ளி இரண்டு என்ற அந்த அளவு வந்த நேரம் பத்து ஐம்பது. நாற்பது நிமிடத்துக்கு முந்தியது. ஒரு சுற்றுக்கு ஒன்பது நிமிடம் போய்க்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கொரு முறை புது அளவுகள் வந்து வாசலில் நிற்கின்றன. உள்ளே ஒன்பது நிமிடம் ஆகிறது. வரிசை வளர்ந்துகொண்டே போகிறது. நாங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது இப்போதைய குளம் அல்ல. முந்நூறு குளங்களும் பச்சையாக, அழகாக, நாற்பது நிமிடத்துக்கு முந்திய உலகத்தில் இருந்தன.

எனக்கு வியர்த்தது. ஆனால் விருந்தாளிகள் இருக்கிறார்களே என்று சிரித்துக்கொண்டே வியர்த்தேன். மெஷின் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தேன். இரண்டு புரொசெசரும் நூற்றுக்கு நூறு. அப்படியானால் ஆள் போதாது என்று முடிவெடுத்து, திரெட்டுகளை இரட்டிப்பாக்கினேன். சுற்று பதினொரு நிமிடமாகியது. மேசை மின்விசிறியை எடுத்துச் சேவரின் பக்கம் திருப்பினேன். விருந்தாளி ஒருவருக்குக் காற்று நின்றுபோனது. அவர் என்னைப் பார்த்தார். "சூடு" என்றேன். யாருக்குச் சூடு என்று அவர் கேட்கவில்லை.

இதற்குள் அங்கே என்ன நடந்தது என்பதைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். பெட்டியில் கையால் போடும் பொத்தான் ஒன்று உண்டு. தேவையில்லாமல் ஆட்கள் அமத்துகிறார்கள் என்று நான்தான் எல்லாப் பெட்டிகளுக்கும் பூட்டுப் போட வைத்திருந்தேன். நஸீரா ராத்தாவின் குரல் தூரத்தில் கேட்டது.

"அந்தாளோட என்ன கதை சுகந்தி? அந்த அலவாங்க எடு!"

கடப்பாரை பூட்டில் விழும் சத்தம். இரண்டு அடி. மூன்றாவது அடியில் பூட்டுப் போனது. ஏரேட்டர் ஓடும் சத்தமும் கேட்டது. அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். சத்தம் நின்றது. மறுபடி அமத்தினார்கள். ஓடியது. மறுபடி நின்றது. போன் கைமாறியது.

"இஞ்சினியர்," என்றார் நஸீரா ராத்தா. என்னை அவர் அப்படி அழைத்தால் அது மரியாதை அல்ல. "நான் போடுறன். உங்கட பொட்டி நிப்பாட்டுது. நான் போடுறன், அது நிப்பாட்டுது. என்ட குளத்த ஏன் கொல்றீங்க?"

காரணம் எனக்கு உடனே விளங்கியது. ஆட்கள் ஓடவிட்டுவிட்டு மறந்துபோவார்கள் என்று, சேவர் சொல்வதற்கே பெட்டி அடங்க வேண்டும் என நான்தான் அமைத்திருந்தேன். ஏரேட்டர் ஓடும் செய்தி மட்டும் வரிசையில் நிற்காமல் நேரே வரும்; சேவரோ நாற்பது நிமிடத்துக்கு முந்திய ஐந்து புள்ளி இரண்டைப் பார்த்து, இவ்வளவு ஒட்சிசன் இருக்கும்போது ஏன் ஓடுகிறது, நிறுத்து என்று ஒழுங்காகக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தது. நான் இங்கிருந்து ஓடச்சொல்லி அனுப்பிய கட்டளையும் அதே வரிசையின் வாலில் நின்றது.

"ராத்தா, ஒரு ரெண்டு நிமிசம் பொறுங்க, சரியாகிரும்."

"ரெண்டு நாள்ல சரியாகிரும் எண்ட சொல்ல நம்பித்தான் தொண்ணூறுல முஸ்லிம்கள வெளியேத்தினப்ப எங்கட வாப்பா மன்னார்ல ஊட்டப் பூட்டிட்டு வந்தவர். எனக்கு அப்ப ஒம்பது வயசு. என்னட்ட அந்தக் கதை வேணாம்."

சுகந்தி போனை வாங்கினார்.

"நானா, சேவர நிப்பாட்டுங்க."

"நிப்பாட்டினா முந்நூறு குளத்துக்கும் காவல் இல்லாமப் போகும் தங்கச்சி!"

"போகாது. அஞ்சு நிமிசம் சேவர்ட சத்தம் இல்லையெண்டா பொட்டி தானாவே ஏரேட்டரப் போடும். அத வைக்கச் சொல்லி உங்களோட இரண்டு கிழமை சண்டை பிடிச்சேனே, மறந்துட்டீங்களா?"

மறந்தேதான் போயிருந்தேன். அந்தச் சண்டையில் நான் சொன்ன கடைசி வார்த்தை, "என்ட சேவர் ஏன் தங்கச்சி சத்தமில்லாமப் போகுது?" என்பது.

பிள்ளைகளே, அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். செய்யவேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டது. ஒரு கட்டளை அடித்தால் போதும். ஆனால் எனக்குப் பின்னால் ஹாஜியாரும் இரண்டு விருந்தாளிகளும் வட்டிலப்பமும். முந்நூறு பச்சைப் புள்ளிகள் ஒரே நேரத்தில் அணைந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? இன்னொரு சின்னத் திருத்தம் செய்து பார்ப்போமா? இதோ இந்த எண்ணை மட்டும் மாற்றிப் பார்ப்போமா? என் மூளை எனக்குப் பத்து வேலை கொடுத்தது. அந்தப் பத்தும் எதற்கென்றால், அந்த ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்கு. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நம் கையால் நிறுத்துவது கூச்சமான வேலை. இறாலுக்கு அந்தக் கூச்சம் தெரியாது.

எழும்பி நின்று அடித்தேன். கடவுச்சொல் பிழை. மறுபடி அடித்தேன். பிழை. எனக்குப் பிறந்த பிள்ளையின் பெயர்தான் கடவுச்சொல். மூன்றாவது தரம் சரியாக விழுந்தது. நிரல் நின்றது. திரை கறுத்தது. நான் உட்காரப் போனேன். சில்லில் உருளும் கதிரை எனக்காகக் காத்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தேன்.

ஹாஜியார் மேலிருந்து குனிந்து பார்த்தார்.

"என்ன றிஸ்வான், திரை கறுத்துப் போச்சு?"

"நிப்பாட்டிட்டன் ஹாஜியார்."

"ஏன்?"

"அது பொய் சொல்லுது."

விருந்தாளிகளில் ஒருவர் கையில் இருந்த கரண்டியை மெதுவாகத் தட்டில் வைத்தார். அந்த ஐந்து நிமிடத்தைப் போல நீளமான ஒன்றை நான் பார்த்ததில்லை. தரையில் இருந்தபடியே போனைக் காதில் வைத்திருந்தேன். நஸீரா ராத்தா ஏதோ ஓதுவது மட்டும் கேட்டது. பிறகு பெட்டிக்குள் ஒரு 'டக்'. அதைத் தொடர்ந்து தண்ணீர் அடிபடும் சத்தம். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. நிற்கவில்லை.

முந்நூறு குளங்களிலும் அன்று பின்னேரம்வரை ஏரேட்டர் ஓடியது. நஸீரா ராத்தாவின் குளத்தில் ஒரு மூலையில் செத்து ஒதுங்கியதை வலையால் அள்ளினார்கள். இரண்டு வாளி. மற்றவை பிழைத்தன. மாலையில் அவர் எங்கள் பெட்டியைக் கழற்றி, துடைத்து, சீமெந்துப் பையில் போட்டு, பஸ் நடத்துநரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"நஸீரா கழட்டினா ஊரே கழட்டும்," என்றார் ஹாஜியார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பழைய மெஷினை மறுபடி பொருத்தினோம். அடுத்த நாள் காலை நான் கனமூலைப் பக்கம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். நஸீரா ராத்தா என்னோடு பேசவில்லை. பக்கத்தில் ஹாஜியாரின் பெரிய பண்ணை. மதகுக் கட்டில் குந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பண்ணைக்கு நடுவே ஒரு வாய்க்கால். இக்கரையில் ஒரு வாடி, அதாவது கொட்டில், அக்கரையில் ஒரு வாடி. இரண்டிலும் தீன் வைக்க இடம் உண்டு. லொறி வந்திருந்தது. ஹாஜியார் இக்கரையில் நின்றிருந்தார். மூடையில் அவர் கை படவேண்டும் அல்லவா? அதனால் எல்லா மூடையும் இக்கரை வாடியில்தான் இறங்கியது. அக்கரை ஆட்கள் ஒவ்வொரு வாளித் தீனுக்கும் பாலத்தைக் கடந்து வந்தார்கள். தூரம் பெரிதில்லை. இரண்டு மடங்குகூட வராது. ஆனால் வந்த பிறகு வாடிக் கதவில் இக்கரை ஆட்களோடு நெருக்கடி. கதவு ஒன்றுதானே. எல்லாரும் வாளியோடு நின்றார்கள். யாரும் சும்மா இல்லை. எல்லாரும் வேலையில் இருந்தார்கள். வேலைதான் நடக்கவில்லை.

என் ஹாஜியார் திரெட் நினைவுக்கு வந்தது. வந்த சைக்கிளை மறந்துவிட்டு ஓட்டோவில் ஏறி அலுவலகத்துக்குப் போனேன்.

இரண்டு புரொசெசர் உள்ள மெஷினில் மெமரி ஒரே குவியலாக இருப்பதில்லை. பாதி ஒரு புரொசெசருக்குப் பக்கத்தில், மறுபாதி மற்றதற்குப் பக்கத்தில். நடுவில் ஒரு பாலம். எந்தப் புரொசெசரும் எந்த மெமரியையும் தொடலாம். நிரல் எழுதுகிறவன் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் தன் கரையில் இருப்பது கிட்ட. மற்றக் கரையில் இருப்பது எட்ட. எது எந்தக் கரையில் வைக்கப்படும்? இயங்குதளத்துக்கு வழமையான ஒரு விதி உண்டு: ஒரு மெமரித் துண்டில் முதலில் எழுதுகிறவன் எந்தக் கரையில் நிற்கிறானோ, அந்தக் கரையிலேயே அதை வைத்துவிடும். நல்ல விதிதான். முதலில் தொட்டவனே பிறகும் பயன்படுத்துவான் என்ற நம்பிக்கை. முந்நூறு குளத்தையும் ஒருவனே தொட்டுவிட்டு ஓரமாகப் போய் நிற்பான் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்கு எங்கள் ஹாஜியாரைத் தெரியாதே.

அளந்து பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. ஒவ்வொரு கரையிலும் ஒரு சின்ன நிரலை நிறுத்தி, இரண்டு கரை மெமரியையும் வாசிக்க வைத்தேன். தன் கரையில் பத்து என்றால் அக்கரைக்குப் பதினேழு. எல்லாத் திரெட்டையும் ஒரே கரைக்கு ஏவிவிட்டு அளந்தபோது அந்தப் பதினேழு நாற்பதைத் தாண்டியது. தூரம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கதவில் நின்ற நேரம். நான் திரெட்டை இரட்டிப்பாக்கியது அந்தக் கதவுக்கு இன்னும் ஆள் அனுப்பியதுதான். நூற்றுக்கு நூறு என்று மெஷின் காட்டியதே, அது தீனுக்காகக் கதவில் நிற்பவனையும் வேலை செய்கிறவனாகவே எண்ணும். அந்த எண்ணை நம்பாதீர்கள் என்று உங்களுக்கு ஆயிரம் தரம் எழுதலாம். நம்பித்தான் ஆவீர்கள். நம்பிவிட்டு, அடுத்ததாக எத்தனை பேர் கதவில் நிற்கிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள்.

ஹாஜியாரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னேன். அவர் தன் வலக்கையை விரித்துப் பார்த்தார்.

"அப்ப என்ட கைதான் பிழையா?"

"கை பிழையில்ல ஹாஜியார். எல்லாத்தையும் ஒரு கை தொட்டதுதான் பிழை."

"அது இரண்டும் ஒண்டுதானே மகன்."

விரித்த கையை மூடினார். பிறகு, "சரி, அதுகள் அதுகள்ட குளத்த அதுகளே திறக்கட்டும். பிஸ்மிய நான் இஞ்ச இருந்து சொல்றன்," என்றார்.

அப்படியே செய்தேன். குளங்களை இரண்டு கரைக்கும் பிரித்தேன். எந்தத் திரெட் எந்தக் குளத்தைப் பார்க்கப்போகிறதோ, அதுவே தன் கரையில் நின்று அந்தக் குளத்தின் மெமரியைத் திறக்க வேண்டும். திறந்த பிறகு கரை மாறித் திரியக்கூடாது. பழைய நாட்களின் பிரதி ஒன்றை இரண்டு கரையிலும் வைத்தேன். அடுத்த மப்பு நாளில் சுற்று இரண்டரை நிமிடத்தில் முடிந்தது. நான் கொடுத்த வாக்கில் அரை நிமிடம் பிழை. என் தரத்துக்கு அது பெரிய வெற்றி.

ஆனால் நஸீரா ராத்தாவின் பெட்டி என் மேசைக்குக் கீழே அதே சீமெந்துப் பையில் கிடந்தது. அறுவடைக்கு இன்னும் நான்கு நாள். அவர் பெட்டியை நம்பாமல் ஏரேட்டரைக் கையால் ஓடவிட்டு, வரம்பிலேயே குந்தியிருந்தார். நான்கு நாளாகக் கண்மூடவில்லை என்று சுகந்தி சொன்னார். "நிண்டுக்கிட்டே தூங்குறா நானா. குளத்துக்குள்ள விழுந்தாலும் விழுவா."

விடியவே பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பேசிச் சம்மதிக்க வைக்கும் எண்ணம் இந்த முறை இல்லை. புரொசெசர், பாலம், கதவு என்று ஏதோ தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"அதெல்லாம் உங்கட வேல. எனக்கு ஒண்டு சொல்லுங்க. உங்கட திரையில காட்டுற கணக்கு எப்ப எடுத்த கணக்கு?"

இருபத்தாறு வருடத்தில் அவரைத் தவிர என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. நானே என்னைக் கேட்காத கேள்வி. எங்கள் திரையில் அளவு இருந்தது, நிறம் இருந்தது, அது எத்தனை நிமிடத்துக்கு முந்தியது என்பது மட்டும் இருக்கவில்லை. வரம்பில் குந்தி, மடிக்கணினியைத் திறந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அதைச் சேர்த்தேன். ஒவ்வொரு குளத்துக்கும் கீழே அந்த அளவின் வயது. ஆறு நிமிடத்தைத் தாண்டினால் பச்சை போய்ச் சாம்பல் நிறம் வரும். பத்தைத் தாண்டினால் அந்தக் குளத்துக்குச் சேவர் நிறுத்து என்ற கட்டளையே அனுப்பக்கூடாது என்றும் எழுதினேன். பூட்டுகளைக் கழற்றச் சொல்லி எல்லாக் குளத்துக்கும் அன்றே அறிவித்தேன்.

"இப்ப பொட்டியப் பொருத்துங்க," என்றார். "ஆனா நீங்க இஞ்ச இரிக்கணும். நான் மீட்டர்ல பாத்துச் சொல்லுவன். நீங்க திரைய மூடி வச்சிட்டு, நான் கேக்கிற நேரத்துக்கு மட்டும் திறந்து சொல்லணும். பிழைச்சா பொட்டியக் களப்புல எறிஞ்சிருவன்."

"சரி ராத்தா."

"பொட்டிய மட்டும் எண்டு நினைக்காதீங்க."

காலை எட்டு மணியிலிருந்து அவர் அரை மணிக்கொரு முறை, சுகந்தி கொடுத்துவைத்த மீட்டரைத் தண்ணீரில் விட்டார். நான் திரையைத் திறந்து வாசித்தேன். நாலு புள்ளி எட்டு. நாலு புள்ளி எட்டு. நாலு புள்ளி மூன்று. நாலு புள்ளி மூன்று. பதினொரு மணிக்கு மப்புப் போட்டது. காற்று விழுந்தது. மூன்று புள்ளி ஒன்பது என்று திரை சொன்ன கணத்தில், அவர் மீட்டரைத் தூக்குமுன்பே, பெட்டி 'டக்' என்றது. ஏரேட்டர் ஓடத் தொடங்கியது. அவர் மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் பார்த்தார். இரண்டு மணிக்கு மீட்டரைத் துடைத்து என் கையில் தந்தார்.

"நான் கொஞ்சம் சாயிறன்," என்று வாடிக்குள் போனார். பாய் விரிக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அப்படியே விழுந்திருக்க வேண்டும். அடுத்த நிமிடம் குறட்டை.

அவருடைய நம்பிக்கை கிடைத்துவிட்டது. எனக்குத்தான் என்னில் நம்பிக்கை வரவில்லை. பத்து நிமிடத்துக்கொரு முறை எழும்பிப் போய் மீட்டரைத் தண்ணீரில் விட்டேன். பொருந்தியது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. மறுபடி போனேன். பின்னேரம் நான்கு மணியளவில் வாடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இஞ்சினியர், சும்மா சும்மா தண்ணியக் கலக்காதீங்க. இறாலாவது நிம்மதியா இரிக்கட்டும்."

மீட்டரைக் கீழே வைத்தேன்.